ராயபுரத்தில் நான் விசிறி எடுத்தது

1968 நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை 6 மணி 50 நிமிடம். வானம் மூடியிருந்தது, எழும்பூர் நிலையத்தில் ஊசித் தூறல். திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டி நாற்பது நிமிடம் தாமதம். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஒரு குடை, ஆறு சாத்துக்குடி. மூன்று முறை எண்ணிய பிறகே இறங்கினேன். சட்டைப் பையில் மூன்றாம் வகுப்பு டிக்கெட், விலை ரூ. 16.40. அதற்குள் மடித்து வைத்த தந்தி: "ஞானராஜுக்குக் கடும் சுரம். உடனே வரவும். மேரி."

மேரி யாரென்று பாளையங்கோட்டையில் எனக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது. ஞானராஜ் எங்களுக்குப் பிறந்த நால்வரில் மிஞ்சியவன். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். தந்தியில் இருந்த முகவரியோ ராயபுரம். ஒற்றியூரில் வேலை செய்கிறவன் ராயபுரத்தில் ஏன் படுத்திருக்கிறான் என்ற கேள்வி விருத்தாசலத்திலிருந்து என்னைத் தூங்க விடவில்லை.

எங்கள் தேவாலயச் சபையார் பலர் இந்தப் பயணத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல எனக்கு மூச்சு போதாது. ஆகவே எழுதுகிறேன்.

7.25. எழும்பூரிலிருந்து பாரிமுனைக்குப் பஸ், பதினைந்து காசு. அங்கே வேறு பஸ், இன்னொரு பதினைந்து. ராயபுரம் வந்துவிட்டதா என்று நான் நான்காவது முறை கேட்டபோது கண்டக்டர், "பெர்சு, நீ குந்து. ராயபுரம் எங்கயும் ஓடிப்பூடாது" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஆனால் என் நிறுத்தம் வந்ததும் அவரே பெட்டியை இறக்கிவைத்துவிட்டுத்தான் விசில் ஊதினார்.

8.30. தூறல் நின்று புழுக்கம் பிடித்தது. ஒரு பக்கம் சரக்கு ரயில் பெட்டிகள், மறுபக்கம் துறைமுகத்துக் கிரேன்களின் தலைகள். காற்றில் நிலக்கரியும் மீனும் சேர்ந்த வாடை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து முகவரியில் இருந்த சந்துக்கு 412 அடி நடை. சந்தில் மொத்தம் இருபத்து மூன்று வாசல்கள். முகவரியில் இருந்த வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. இருமுறை கூப்பிட்டேன், பதில் இல்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. கதவுப் பக்கத்தில் ஆணியில் ஒரு பனையோலை விசிறி தொங்கியது. எடுத்து விசிறிக்கொண்டேன்.

அதுதான் நான் செய்த தவறு.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் என் கையில் இருந்த விசிறியைப் பார்த்தார். பெயரைச் சொன்னேன். உடனே உள்ளே அழைத்துப்போனார். அவர்தான் மேரியம்மா. மீன் விற்கும் விதவை.

ஒரே அறை. கயிற்றுக் கட்டிலில் என் மகன். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, என்னை "சார்" என்று கூப்பிட்டான். டைபாய்டு, அன்று பதினேழாம் நாள். தங்கியிருந்த விடுதிக்காரர் தொற்றுக்குப் பயந்து அவனையும் பெட்டியையும் தெருவில் வைத்துவிட்டார். தொழிற்சாலை வாசலில் இவனுக்கு அடிக்கடி வறுத்த மீன் விற்ற பழக்கத்தில் மேரியம்மா கைரிக்‌ஷாவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். தலையணைக்கு அடியில் இருந்த வேதாகமத்தைப் பார்த்து, தம்மைப்போல் கத்தோலிக்கன் என்றே நினைத்து, பாதிரியாரைக் கூட்டிவந்து நெற்றியில் எண்ணெயும் பூசியாயிற்று. நாங்கள் புராட்டஸ்டண்டுகள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

மாலை வண்டியிலேயே அவனை ஊருக்குக் கொண்டுபோவதாகச் சொன்னேன். மேரியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். இருபத்தோரு நாள் தாண்டும் வரை அசைக்கக்கூடாது, அசைத்தால் குடல் ஓட்டையாகிவிடும் என்று தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருக்கிறாராம். பதினாறு மணி நேர ரயில் ஆட்டத்தில் அவன் விழுப்புரம் கூடத் தாண்டமாட்டான் என்றார். அவன் பக்கத்தில் உட்காரப் போனேன்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்று, கிடங்கில் ஒன்பதரைக்கு மணி அடித்துவிடுவான், இன்று யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். மேரியம்மா என்னைக் காட்டினார்.

விஷயம் இதுதான். அந்தச் சந்தில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால், அவர் பெயருக்கு ஒரு விசிறி. ஒவ்வொரு நாளும் அது ஒரு வீட்டு வாசலில் தொங்கும். அதை எடுக்கிறவர், வீட்டுக்காரர்கள் கூலிக்குப் போய்த் திரும்பும் வரை நோயாளிக்குத் துணை. நான் எடுத்தது என் மகனுடைய விசிறி அல்ல. நாலு வீடு தள்ளி, மூட்டை விழுந்து இடுப்பு முறிந்த முனுசாமியுடையது. வந்து நின்றவள் அவர் மனைவி.

நான் முந்நூற்றுத் தொண்ணூறு மைல் வந்தது என் மகனைப் பார்க்க என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

மேரியம்மா குரலை உயர்த்தவில்லை. "இத்தினி நாளா உம்புள்ளையாண்ட யார் யாரோ குந்திகினு இருந்தாங்க, நைனா. அவங்கள்லாம் அவங்க புள்ளையப் பாக்கவா வந்தாங்க?"

முப்பத்தோரு ஆண்டுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். எந்தக் கேள்விக்கும் ஒரு விதி எண் சொல்லிப் பழக்கம். அன்று விசிறியோடு போனேன்.

9.10 முதல் 12.30 வரை. முனுசாமிக்கு என் வயதுதான் இருக்கும், அறுபத்தாறு. மாரியம்மன் படத்துக்குக் கீழே தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். மணிக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். தண்ணீர் தர வேண்டும். தகர டப்பாவை எடுத்துக் கொட்டிக் கழுவ வேண்டும். டப்பாவை இரண்டு முறை கழுவினேன். என் சொந்த வீட்டில்கூட நான் செய்யாத வேலை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர், "இன்னா பெர்சு, மூக்கப் புடிச்சிகினு ஜெபம் பண்றியா?" என்று கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இடுப்பு முறிந்தவரை ஏன் தரையில் கிடத்தியிருக்கிறார்கள், ஒரு கட்டில் கூடவா இல்லை என்று கேட்டேன்.

"கட்டிலு கீதே. உம்புள்ளையாண்ட கீது," என்றார். "சொரம் வந்தவனுக்கு ஈரத் தரை ஆவாது. எனக்கு எலும்புதானே, தரையில கெடந்தா தானா கூடிக்கும்."

அதன்பிறகு நான் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தபோது என் கை இன்னும் மெதுவாகப் போனது.

19, 20, 21 தேதிகள். சுரம் 103, 103.4, 102.8. நானே பார்த்துக் குறித்தேன். விடியற்காலை மேரியம்மா கடற்கரைக்கு மீன் எடுக்கப் போவார். என் மகனுடைய விசிறி எந்த வாசலில் தொங்கியதோ அந்த வீட்டார் வந்து என்னோடு உட்காருவார்கள். விசாரித்து எழுதிக்கொண்டேன்: நான் வரும்வரை அவனுக்குத் துணை இருந்தவர்கள் பதினொரு பேர். கத்தோலிக்கர் ஏழு, இந்துக்கள் மூன்று, முஸ்லிம் ஒருவர். இந்த வழக்கம் எப்படி வந்தது என்றும் கேட்டேன். மேரியம்மாவின் கணவர் துறைமுகத்தில் கரி இறக்கியவர். நெஞ்சில் கரி கட்டி ஐந்து மாதம் கிடந்தாராம். மேரியம்மா கூடை தூக்கிப் போகாவிட்டால் கஞ்சியில்லை. பக்கத்து வீட்டார் மாறி மாறி உட்கார்ந்தார்கள். அவரை அடக்கம் செய்த மறுவாரம் இன்னொரு வீட்டில் ஒருவர் படுத்தார். மேரியம்மா ஒரு விசிறி வாங்கித் தம் வாசலிலேயே முதலில் மாட்டினார். இதை அவர் வஞ்சிரத்தின் விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

22 வெள்ளி, இருபத்தோராம் நாள். காலையில் 104. நான் ஜெபிக்க முயன்றேன். மேரியம்மா ஜெபமாலையை உருட்டினார். நான் மணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான். பிற்பகல் 3.10க்கு அவன் கழுத்தில் வியர்வை அரும்பியது. 4.00 மணிக்கு 100.2. கண்ணைத் திறந்து, "அப்பா, நீங்க எப்ப வந்தீங்க? அம்மா தனியாவா இருக்காங்க?" என்றான். மேரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், சந்துக்கே கேட்கும்படி, "புள்ள பொயச்சிக்கினான்" என்று சொன்னார்.

டிசம்பர் 4, புதன். அதுவரை முனுசாமியின் விசிறியை இன்னும் நான்கு முறை எடுத்தேன், தெரிந்தே. கட்டில் அவர் வீட்டுக்குத் திரும்பியது. மேரியம்மாவிடம் ஒரு கவரை நீட்டினேன். அதை என் பைக்குள்ளேயே திணித்து, ரயிலில் எவனாவது அடித்துக்கொண்டு போகப்போகிறான், பத்திரம் என்றார்.

எங்கள் சபையிலும் நோயாளிகளைச் சந்திக்க ஒரு கமிட்டி உண்டு. பத்தொன்பது ஆண்டுகளாக நானே செயலாளர். ஆண்டுக்கு நான்கு கூட்டம், அழகான கையெழுத்தில் நடவடிக்கைக் குறிப்பு. அந்த நோட்டில் ஒரு தகர டப்பாவைப் பற்றிய குறிப்பு எங்கும் இல்லை. ராயபுரத்துச் சந்தில் நோட்டே கிடையாது. யார் எந்த மதம் என்று எழுதிவைத்த ஆள் நான் ஒருவன்தான். ஆண்டவருக்கு நன்றி சொல்லும்போது இப்போது எனக்கு இருபத்து மூன்று வாசல்களும் வரிசையாக நினைவுக்கு வருகின்றன.

மாலை எழும்பூரில் டிக்கெட் வாங்கும்போது கவுண்டர்க்காரர் எத்தனை என்றார். "ரெண்டு" என்று சொல்லும் முன் திரும்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடியும் கேட்கவேண்டியதாயிற்று.

போகும்போது ஒரு டிக்கெட், திரும்பும்போது இரண்டு, ஆக ரூ. 49.20. மருந்து 21.50. பழம், பார்லி 12.40. பஸ், டாக்சி, தந்தி 9.85. மொத்தம் தொண்ணூற்றிரண்டு ரூபாய் தொண்ணூற்றைந்து காசு.