முதலில் ஈரத்துணி

பாஞ்சாலியின் புருஷன் ஜட்கா வண்டிக்காரன். குதிரையை அடிக்கிற சாட்டையாலேயே அவளையும் அடிப்பான். ஒருநாள் மேட்டில் ஏற மாட்டாமல் நின்றுவிட்ட குதிரையைப் பின்னால் போய் நின்று விளாசினான். அது எட்டி உதைத்ததில் மார்பெலும்பு நொறுங்கி நடுரோட்டிலேயே செத்தான். பாஞ்சாலி அழத்தான் செய்தாள். பிறகு குதிரையை விற்றாள். சாட்டையை அடுப்பில் வைத்தாள்.

வயிற்றுப்பாட்டுக்குப் பிள்ளை பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். காக்ஸ் டவுனில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் அவளுக்கு ஒற்றை அறை வீடு. நூல் மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள்.

வீட்டில் அடி வாங்கிய பிள்ளைகள் வந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மில்லில் வேலை செய்த கிருஷ்ணப்பாவின் மகள் யசோதாதான் மோசம். நாலு வயசு, கடித்தால் ரத்தம் வராமல் விடமாட்டாள். பாஞ்சாலி எந்தப் பிள்ளையையும் கைநீட்டி அடித்ததில்லை. தன் வட்டிலில் கை வைக்கும் முன்னால் பக்கத்துப் பிள்ளையின் வட்டிலில் கஞ்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுவாள். அடிதடி என்றால் ஒரே பேச்சுதான்.

"யாருக்குக் காயம் பட்டாலும் மொதல்ல ஈரத்துணி. யார் மேல தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம்."

கடித்த யசோதாவே துணியை நனைத்துக்கொண்டு வரவேண்டும். முறைத்துக்கொண்டேதான் வருவாள். ஆனால் வருவாள்.

ஐம்பத்தாறில் மில்லில் ஸ்டிரைக் வந்தது. மெயின்ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த டொமினிக், மனைவிக்கு மாசம் நெருங்கிவிட்டதென்று, பின் கேட் வழியாக வேலைக்குப் போய்விட்டான். மத்தியானம் வெளியே வந்தவனை ஒரு கும்பல் துரத்தியது. சந்துக்குள் ஓடி வந்தவன் திறந்து கிடந்த பாஞ்சாலியின் வீட்டுக்குள் விழுந்தான். பின்னாலேயே சைக்கிள் செயினைக் கையில் சுற்றிக்கொண்டு கிருஷ்ணப்பா முதல் ஆளாக நுழைந்தான்.

"கொழந்தைங்க இருக்குதுப்பா! வேணாம்!" என்று குறுக்கே விழுந்த பாஞ்சாலியைச் சுவரோடு தள்ளிவிட்டு, டொமினிக்கின் தலைமயிரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். செயின் அவன் முகத்தில் இறங்கியது. இரண்டாவது வீச்சில் இடது கண் போயிற்று. போலீஸ் விசில் கேட்டு ஓடும்வரை மிதித்தார்கள். பிள்ளைகள் அத்தனையும் பார்த்துக்கொண்டு நின்றன. அன்றைக்கு யாரும் துணியை நனைக்கவில்லை. பாஞ்சாலிதான் நனைத்தாள்.

சில நாள் கழித்துப் பிள்ளைகள் புது விளையாட்டு ஒன்று கண்டுபிடித்தன. ஒரு பிள்ளை கருங்காலி, ஸ்டிரைக்கை மீறி வேலைக்குப் போனவன். மற்றவர்கள் அதைத் துரத்திக் கயிற்றால் அடிக்கவேண்டும். எல்லோரையும்விட ஓங்கி அடித்தவள் யசோதா.

பாஞ்சாலி அதைப் பார்த்தாள். திட்டவில்லை. உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள். கஞ்சியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, பிள்ளைகளைக் கைகோக்கச் செய்து மெயின்ரோட்டைத் தாண்டி டொமினிக் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"உங்க சந்துக் கஞ்சி எங்களுக்கு வேணாம்மா, போயிடுங்க" என்று அவன் மனைவி கதவைச் சாத்தினாள். மறுநாளும் போனார்கள். அதற்கும் மறுநாள் கதவு திறந்தது. கட்டுப்போட்ட முகத்துடன் டொமினிக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். யசோதா பாஞ்சாலியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றைக்கு அந்த விளையாட்டை யாரும் ஆடவில்லை.

கைதாகி ஜாமீனில் வந்த கிருஷ்ணப்பாவின் காதுக்குச் சங்கதி போயிற்று. நேரே வந்து வாசலில் நின்றான்.

"எம் பொண்ணு கருங்காலி வூட்டுக்குக் கஞ்சி தூக்குதா? யாரைக் கேட்டு இட்டுனு போன?"

"யாரையும் கேக்கல. அவன் கண்ணு போனதை இதுங்க பாத்துதுங்க. வேற எதையாவது பாக்கட்டும்னு இட்டுனு போனேன்."

"ஸ்டிரைக்னா இன்னான்னு தெரியுமா உனக்கு? எங்க வயித்துல அடிச்சவன் அவன்!"

"உன் வயிறும் காயுதுன்னு தெரியும் கிருஷ்ணப்பா. உம் பொண்ணுக்கும் அதே பானையிலதான் ஊத்தறேன்."

மூடிய முஷ்டியால் அவள் வாயில் குத்தினான். முன்பல் ஒன்று தெறித்தது. பாஞ்சாலி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பல் கிழித்து அவன் விரல் முட்டியிலும் ரத்தம் வழிந்தது. பிள்ளைகள் வீறிட்டன.

யசோதா அழவில்லை. குடத்தடிக்குப் போனாள். துணியை நனைத்துக் கொண்டுவந்து பாஞ்சாலியின் உதட்டில் வைத்து அழுத்தினாள். மறுபடி போய் இன்னொரு துணியை நனைத்தாள். நேரே அப்பனிடம் வந்தாள்.

"நைனா, கையக் குடு."

அவன் கையை இழுத்துக்கொண்டான். அவள் விடவில்லை, எம்பிப் பிடித்து முட்டியைச் சுற்றினாள். சரியாகச் சுற்றத் தெரியவில்லை, துணி நழுவி நழுவி விழுந்தது. விழுந்ததை எடுத்து எடுத்துச் சுற்றினாள். கிருஷ்ணப்பா குனிந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஈரத்துணியோடேயே வெளியே போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து வந்தான். மன்னிப்பு என்றெல்லாம் கேட்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்று ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"வாய் எப்பிடிக்கீதுக்கா?"

"மெல்ல முடியல."

அவன் ரோட்டுப் பக்கம் கை காட்டினான். "மெயின்ரோட்டுல லாரிங்க கண்மண் தெரியாம வருது. கொழந்தைங்க தாண்டறப்ப நான் நின்னுக்கறேன்."

கேஸில் அவனுக்குத் தண்டனை ஆகும்வரை தினமும் மத்தியானம் வந்தான். நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து லாரிகளை நிறுத்துவான். பிள்ளைகள் தூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகும். டொமினிக் வீட்டுப் பக்கம் மட்டும் அவன் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.