அவருடைய அப்பாவை எங்கே புதைத்தார்கள்

எண்பதுகளின் நடுவில் நான் தென் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை செய்தேன். வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, நீராவி உருளைகளுக்குள் கொடுத்து, மறுபக்கத்தில் மடித்து அடுக்குவது வேலை. விரிப்பைப் பிடித்துக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். என்னோடு மற்ற முனையைப் பிடித்தவர் ஓர் இந்தோனேசியப் பெண். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். நாங்கள் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அவரும் மற்றவர்களும் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அக்கா எதற்கும் முன்னுக்கு வராதவர். தொழிற்சங்கத்துக்கு ஆள் வேண்டுமென்று மற்றப் பெண்கள் கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். படம் எடுக்க எவரையும் விடமாட்டார். கிறிஸ்மஸுக்கு லோண்டரியில் எடுத்த குழுப்படத்தில் அவர் நின்ற இடத்தில் ஒரு துணி வண்டிதான் இருக்கிறது. பஸ்ஸில் தன் வீட்டுத் தரிப்பில் இறங்கமாட்டார். ஒரு தரிப்பு முன்னால் இறங்கி நடப்பார். மழையிலும் அப்படித்தான்.

"ஏனக்கா நனையிறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பழகிப்போச்சு," என்றார்.

அவருடைய அப்பாவைப் பற்றி நான் அறிந்தது ஒரேயடியாக அல்ல. உருளையின் இரைச்சலுக்கு மேலாக, விரிப்புக்கு விரிப்பு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அப்பா ஜாவாவில் ஒரு சீனி ஆலையில் கரும்பு நிறுக்கும் கிளார்க். தொழுகை தவறாதவர். டச்சுக்காரர் காலத்தில், நாடு என்ற சொல்லையே சனம் இன்னும் வாயில் எடுக்காத நாளில், பள்ளிவாசலுக்கு வரும் கரும்பு வெட்டுகிறவர்களோடு படியில் உட்கார்ந்து கூலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பிறகு தொழிற்சங்கம் வந்தது. வேலைநிறுத்தம் வந்தது. ஆலைப் புகைபோக்கிகள் புகையில்லாமல் நின்றன. அவரைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, கடைசியில் கப்பலில் ஏற்றிக் கிழக்கே பப்புவாக் காட்டுக்குள் ஓர் ஆற்றோரத்து முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். அம்மாவும் கூடப் போனார். அக்கா பிறந்தது அந்த முகாமில்.

"வேலி இல்லை," என்றார். "காடும் மலேரியாவும் இருக்கேக்க வேலி என்னத்துக்கு? அரசாங்கத்துக்கு வேலை செய்யிறன் எண்டு சொன்னால் சம்பளம், ஊருக்குத் திரும்பலாம் எண்ட நம்பிக்கை. மாட்டன் எண்டால் அரிசியும் கருவாடும் மட்டும். அப்பா மாட்டன் எண்டவர். என்ர ரெண்டு அண்ணன்மார் அங்கதான் காய்ச்சலில் செத்தவை."

யுத்தத்தில் ஜப்பான்காரர் நெருங்கி வந்தபோது டச்சுக்காரர் முகாமையே தூக்கி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் அக்கா ஆங்கிலம் படித்தார். சுதந்திரத்தோடு அவர்கள் ஊர் திரும்பினார்கள். அப்பா மறுபடியும் தோட்டத் தொழிலாளர்களிடமே போனார். எழுபது வயதில், அறுபத்தைந்தாம் ஆண்டு ராணுவம் கம்யூனிஸ்டுகளையும் தொழிற்சங்கக்காரரையும் கொல்லத் தொடங்கியபோது, ஒரு பின்னேரம் வீட்டு வாசலில் லொறி ஒன்று வந்து நின்றது. சிப்பாய்களுக்கு வீட்டைக் காட்டிக் கொடுத்தவர்கள் அவரோடு ஒரே பள்ளிவாசலில் தொழுதவர்கள். செருப்பைப் போட விடவில்லையாம். அதோடு ஆளைக் காணவில்லை. அப்போது அக்கா ஒரு மாநாட்டுக்காக ஐரோப்பாவில் இருந்தார். தூதரகத்துக்குக் கூப்பிட்டுப் பாஸ்போட்டைப் பறித்துவிட்டார்கள்.

"வெள்ளைக்காரன் கொண்டுபோனான், திருப்பி விட்டான்," என்றார். "எங்கட ஆக்கள் கொண்டுபோனவை. விடேல்லை."

நான் விரிப்பை மடித்தபடி நின்றேன். அந்த நாட்களில் எங்கள் ஊரிலும் ஆட்கள் இப்படிக் காணாமல் போகத் தொடங்கியிருந்தார்கள். யார் கொண்டுபோனது என்று தொலைபேசியில் கேட்டால் அம்மா வெங்காய விலையைப் பற்றிப் பேசுவார்.

அக்காவைத் தேடி வந்த மனிதர் ஒருவர் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம். நாங்கள் டூட்டிங்கில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தோம். கதவைத் திறந்தால் மடிப்புக் கலையாத சூட், கையில் கேக் பெட்டி. இந்தோனேசியத் தூதரகத்தோடு தொடர்புள்ள நண்பர் என்று தன்னைச் சொன்னார். உள்ளே வந்து உட்கார்ந்து, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காமலே பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி, நல்ல பள்ளிக்கூடம் என்றார்.

"உங்களோட வேலை செய்யிற அம்மாவின்ர தகப்பன் பெரிய மனுசன்," என்றார். "நாட்டுக்காக முதல்முதல் குரல் குடுத்த ஆக்களில் ஒருத்தர். அரசாங்கம் அவரைக் கௌரவிக்கப் போகுது. ரோட்டுக்குப் பேர் வைக்கப் போகினம். மகள் வந்தால் எவ்வளவு வடிவா இருக்கும்! அவ எங்களோட கதைக்க மாட்டாவாம். நீங்கள் சொன்னால் கேப்பா."

அவர் போனபின் என் கணவர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை.

"உந்த அலுவலுக்குள்ள நாங்கள் போகவேண்டாம்," என்றார். "எங்கட சீவியமே இன்னும் அந்தரத்தில நிக்குது."

கேக்கை ஒருவரும் தொடவில்லை. பிள்ளைகள் கேட்டும் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை அக்காவிடம் சொன்னேன். அவர் திடுக்கிடுவார் என்று நினைத்தேன். ஈர விரிப்பை உதறி முனையை என்னிடம் நீட்டினார்.

"வீட்டில ரெண்டு கிழமையா போன் அடிக்குது. எடுத்தால் சத்தமில்லை," என்றார். "சந்திக்கிறன் எண்டு சொல்லு. பகலில, சனம் இருக்கிற இடத்தில. நீயும் வா."

அப்பர் டூட்டிங் ரோட்டில் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சந்தித்தோம். அந்த மனிதர் எழுந்து நின்று, குனிந்து, அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்தார். தேநீர் வந்தது. ரோட்டைப் பற்றி, மேடையைப் பற்றி, மந்திரி வருவதைப் பற்றிச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் என்ன செய்யவேணும்?"

"ஒண்டுமில்லை அம்மா. மேடையில ரெண்டு வார்த்தை. அப்பா வயசு போய், வருத்தம் வந்து காலமானவர் எண்டு சொன்னால் காணும்."

"எங்க புதைச்சனீங்கள்?"

அவருக்கு விளங்கவில்லை போல இருந்தது. அக்கா மறுபடி கேட்டார்.

"என்ர அப்பாவை எங்க புதைச்சனீங்கள்? இடத்தைச் சொல்லுங்கோ. நாளைக்கே வாறன்."

அவர் சீனி போட்ட தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை.

"உதெல்லாம் பழைய கதை," என்றார். "உங்கட தங்கச்சி நல்ல சுகமா இருக்கிறா. மகன் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில ரீச்சர். நல்ல பெடியன். குடும்பத்தில கறை இல்லாத ஆக்களைத்தான் எங்கட அரசாங்கம் வேலைக்கு வச்சிருக்கும். உங்களுக்குத் தெரியும்தானே. யோசிச்சுச் சொல்லுங்கோ."

எழுந்து, மறுபடி குனிந்து வணங்கி, வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் ரோட்டைக் கடந்து, பஸ் தரிப்பில் நின்று எங்களைப் பார்த்தார். பஸ்கள் வந்து போயின. அவர் ஏறவில்லை.

அந்த மாதம்தான் லோண்டரியைத் தனியார் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. பெண்களை ஒவ்வொருவராக ஒபிசுக்குக் கூப்பிட்டு, குறைந்த சம்பளத்துக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். போனவர்கள் கண் சிவந்து வந்தார்கள். கண்டீனில் கூட்டம் வைத்தபோது, எங்கள் சார்பில் யார் பேசுவது என்ற கேள்விக்கு எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா எழுந்தார்.

"நான் கதைக்கிறன்," என்றார்.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, உங்களுக்கு விசரோ? இப்பவோ இதுக்குள்ள போறது?"

"இருவது வருசமா ஒளிச்சிருந்தன்," என்றார். "கண்டுபிடிச்சிட்டினம். இனி ஒளிச்சு என்ன பிரயோசனம்?"

கார்த்திகைக் குளிரில் நாங்கள் வேலைநிறுத்தம் செய்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். எங்களோடு வேலை செய்த ஜமெய்க்காப் பெண்கள் பாடினார்கள். அக்கா ஒரு பெட்டியின் மேல் ஏறிப் பேசினார். அந்தச் சிறிய உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வருமென்று நான் நினைத்திருக்கவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் அந்த மனிதர் கமெராவோடு நின்றார். நான் அக்காவின் கோட்டை இழுத்துக் காட்டினேன். அவர் பேச்சை நிறுத்தி, தலைத்துணியைச் சரிசெய்து, அந்தப் பக்கம் முழுதாகத் திரும்பி நின்றார்.

"வடிவா எடுக்கட்டும்," என்றார்.

நாங்கள் தோற்றோம். கம்பெனி வந்தது. பாதிப் பேரை வைத்துக்கொண்டது. நான் அந்தப் பாதிக்குள் இருந்தேன், அக்கா இல்லை. அவருக்குப் பக்கத்து ஊரில் என் கணவரின் சிநேகிதருடைய கடையில் வேலை கிடைத்தது. தமிழ் கசெற்றுகளுக்கும் மீன் டின்களுக்கும் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஆட்கள் அவரை மலேசியப் பெண் என்றே நினைத்தார்கள்.

தை மாதத்தில் அக்காவின் தங்கை ஊரிலிருந்து போன் எடுத்தார். நான் அப்போது அக்காவின் வீட்டில் இருந்தேன். அவர் ரிசீவரைக் காதில் வைத்திருந்தார். அந்தப் பக்கத்து அழுகை எனக்கும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

"பெடியனைப் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம் எண்டிட்டினமாம்," என்றார். "இனிமேல் தன்னோட கதைக்க வேண்டாமாம்."

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அந்த வீட்டோடு பேச்சில்லை. அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனால் தொலைபேசி அடித்தால் கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைப்பார். எடுக்க அவசரப்படமாட்டார்.

தொண்ணூறில் என் ஒன்றுவிட்ட அண்ணனைச் சைக்கிளோடு கொண்டுபோன செய்தி வந்தபோது அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆர் கொண்டுபோனது?" என்றார்.

"எங்கட இயக்கப் பெடியள்."

அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "இப்பவே கேக்கத் தொடங்கு," என்றார். "ஒவ்வொருத்தரையும் கேள். நாள் போகப் போக எல்லாரும் மறந்துபோன மாதிரி நடிப்பினம்."

கேட்டேன். எவரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றெட்டில் இந்தோனேசியாவில் ஆட்சி கவிழ்ந்தது. மாணவர்கள் நாடாளுமன்றக் கூரையில் ஏறி நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அக்கா மகிழ்ச்சியாக இருந்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சில மாதத்துக்குப் பின் போன் வந்தது. தங்கையின் மகன். தங்கை இறந்து வருடங்களாகிவிட்டதாம்.

"பெரியம்மா, தாத்தாவைப் புதைச்ச இடம் தெரியிற கிழவன் ஒருத்தர் இருக்கிறார்," என்றானாம். "அவர் சாக முந்தி வாங்கோ."

எழுபது வயதில், பிரிட்டிஷ் பாஸ்போட்டில் அக்கா ஊருக்குப் போனார். போய்ச் சேர்ந்து ஒரு கிழமைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். இடம் ஓர் ஆற்றங்கரைத் தென்னந்தோப்பு. அப்பா தனியாக இல்லை, குழியில் பலர். அடுத்த நாள் தோண்டப் போகிறார்கள்.

தோண்டிய அன்று, ஒருவரிடம் இரவல் வாங்கிய கைத்தொலைபேசியில் மறுபடி கூப்பிட்டார். லண்டனில் காலை. நான் கணவரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"சனம் வந்து நிக்குது," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "பள்ளிவாசல் ஸ்பீக்கரில ஆரோ எங்களைப் பற்றிக் கதைக்கினம். இந்த மண்ணில கம்யூனிஸ்டுகளின்ர எலும்பை எடுக்க விடமாட்டினமாம்."

"அங்கயிருந்து வெளிக்கிடுங்கோ அக்கா! இப்பவே வெளிக்கிடுங்கோ!"

"பெடியன் முன்னுக்கு நிக்கிறான்," என்றார். பிறகு ஒரே கூச்சல். இணைப்பு அறுந்தது.

நாட்கள் போயின. நான் எடுத்த இலக்கம் எதுவும் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்தே அவருடைய குரல் வந்தது. போய்க் கூட்டிவந்தேன். நெற்றியில் பிளாஸ்டர். கையில் போகும்போது கொண்டுபோன அதே சின்னப் பை.

"கண்டனீங்களோ?"

"இடத்தைக் கண்டன். ஒரு முழம் தோண்ட முந்தி மூடச் சொல்லிப்போட்டினம். எங்கட கையாலயே மூடினனாங்கள்."

ரெயிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பாதி வழியில் தானாகப் பேசினார்.

"பெடியன் இப்ப ஒவ்வொரு காலமையும் அந்தத் தோப்புக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிக்கிறான். ஆக்கள் ரோட்டில மோட்டச் சைக்கிளை நிப்பாட்டி வச்சுப் பாத்துக்கொண்டு நிக்கினம். அவன்ர பிள்ளையள் எந்தப் பள்ளிக்கூடம் எண்டும் கேட்டவையாம்."

"அங்க போறதை நிப்பாட்டச் சொல்லுங்கோவன் அக்கா."

"சொன்னன்," என்றார். "கேக்கிறான் இல்லை."