மசூதின் மஞ்சள் கயாக் விற்பனைக்கு

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் என்ன கொண்டு வருவான்? கம்பளி, தைலம், பால்மாவு, மிஞ்சிப்போனால் ஒரு பெரிய டிவி. குத்துக்கல்வலசை மசூது பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு மஞ்சள் கயாக்கைக் கொண்டு வந்தான். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக மேலே உட்கார்ந்து துடுப்புப் போடுகிற பிளாஸ்டிக் படகு. ராசல்கைமாவில் ஒரு கடற்கரை ஓட்டலில் பத்தொன்பது வருஷம், வருகிறவர்களுக்கெல்லாம் அதை ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன். ஓட்டலை மூடும்போது முதலாளி, வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். மற்றவர்கள் ஏசியையும் மெத்தையையும் தூக்கினார்கள். இந்த மகராசனுக்கு இதுதான் கண்ணில் பட்டது!

மாடிப்படியில் திரும்பாததால் படகு கூடத்திலேயே கிடந்தது. விருந்தாளிகள் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மூன்று வருஷம் பொறுத்த அவன் மனைவி ஹைருன் பீவி, இந்த ஆனி மாதம் பொங்கிவிட்டாள்.

"மச்சான், நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்தா எங்கன உக்கார வைப்பேன்? கப்பல்லயா?"

மசூது போனில் விளம்பரம் போட்டான். கயாக், துடுப்பு இரண்டு, மிதவைச் சட்டை இரண்டு, நனையாத பை ஒன்று. அதோடு விட்டானா? 'தண்ணீரில் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும்' என்று ஒரு வரியும் சேர்த்தான். வம்பே அதில்தான்.

குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்த நேரம். "ஐந்தருவிக்கு அடியில போட்டுக் குளிக்கலாமா பாய்?" என்று ஒருவன் கேட்டான். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திக்கு நடுவே வைத்துப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டும் என்றான் ஒரு போட்டோக்காரன். இருவருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டான் மசூது. நிஜமாக வாங்க வந்தவர்களோ படகைப் புரட்டிப் பார்த்தார்கள். அடியில் எட்டு ஓட்டை.

"என்ன பாய், ஓட்டப் படக நம்ம தலையில கட்டப் பாக்கியளே!"

மேலே தெறிக்கிற தண்ணீர் வடியத்தான் அந்த ஓட்டை, படகின் வயிறு தனியாக மூடியிருக்கிறது என்று தொண்டை வறளச் சொன்னான். யார் கேட்டார்கள்? ஓட்டைப் படகு பாய் என்று தெருவில் பேரே வைத்துவிட்டார்கள். அவன் அங்கே செய்த வேலையையே கேலி செய்தது போல இருந்தது அவனுக்கு.

கார்த்திகையும் முடியப் போனது. வீரகேரளம்புதூர் ஆவுடைநாயகம் அண்ணாச்சி வந்து பார்த்தார். "அந்த ஓட்டைய மட்டும் அடச்சுட்டா மாட்டுக்குத் தண்ணி காட்ட அம்சமான தொட்டி" என்றார். ஹைருன் சரி என்றுவிட்டாள். சனிக்கிழமை வண்டி வரும். மாட்டுத் தொட்டியா! இரண்டு நாளாக மசூதுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு போன். பேசினவள் முத்துவடிவு, குளத்தில் தாமரைப்பூ குத்தகை எடுத்தவள். லாரி டியூபில் மிதந்து பூப்பறித்து இடுப்பு விட்டுப்போயிற்றாம். மார்கழிக்குக் கோயில்களுக்கெல்லாம் பூக் கொடுக்க வேண்டும்.

"குளத்துக்குக் கொண்டாங்க பாய். மிதந்தா வாங்குதேன்."

ஜும்மா தொழுதுவிட்டு வந்தபோது, ஹைருன் படகுக்குள் ஒரு கோரைப்பாயை விரித்துத் தயாராக வைத்திருந்தாள். லோடு ஆட்டோவில் அவளும் ஏறிக்கொண்டாள். இன்றைக்கு இது திரும்பி வீட்டுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

கரையில் கூட்டம். முத்துவடிவு படகைச் சுற்றி வந்தாள். "நானும் எங்க மதினியும் சேந்துதான் பறிப்போம். ரெண்டு ஆளு தாங்குமா?"

"தாங்கும். யாராவது எங்கூட ஏறுங்க" என்றான் மசூது. வாய் கிழியப் பேசிய அத்தனை பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"நான் வாரேன்" என்றாள் ஹைருன். புர்காவுக்கு மேலே ஆரஞ்சு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினாள். ஏறிய வேகத்தில் படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. மசூது துடுப்பை இப்படியும் அப்படியும் நாலு போடு போட்டான். படகு சிட்டாகப் பறந்தது. ஆனால் உள்ளே வந்த தண்ணீர் வடியவில்லை. காற்றடித்து மேலும் வந்து கணுக்காலுக்கு ஏறிற்று.

"ஏலே, முங்குது லே!" என்று கரையில் ஒரே சத்தம்.

மசூது அந்தக் கோரைப்பாயைத் தூக்கிப் பார்த்தான். எட்டு ஓட்டையையும் எம்-சீல் பசை வைத்து அடைத்திருந்தது.

"ஏட்டி, யாரு அடச்சா?"

"நாந்தான். ஓட்டை ஓட்டைன்னு உங்களக் கேலி பண்ணுதானுவ. எனக்குப் பொறுக்கல மச்சான்."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. பைக் சாவியை எடுத்து, இன்னும் முழுசாக இறுகாத எம்-சீலைக் குத்தத் தொடங்கினான்.

"ஐயோ, தொறக்காதீய! முங்கிருவோம்!"

"பத்தொம்பது வருசம் இதத்தான் பாத்தேன். நீ ஒரு நாளாவது பாத்திருக்கியா? இப்பம் பாரு."

ஒவ்வொன்றாகத் திறந்தான். களக் களக்கென்று தண்ணீர் இறங்கியது. கால் தெரிந்தது. படகு அசையாமல் மிதந்தது. கரையில் ஒருவன் விசிலடித்தான். ஹைருன் ஓட்டைகளைப் பார்த்தாள், புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வெளிநாட்டில் இவர் என்ன வேலை பார்த்தார் என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அந்தத் தாமரக்கிட்ட போங்க" என்றாள். அப்புறம் இந்தப் பக்கம், அப்புறம் மடை வரைக்கும். "பாய், போதும்! எனக்கு வேல கெடக்கு!" என்று முத்துவடிவு கத்தின பிறகுதான் கரைக்கு வந்தார்கள்.

படகு, சட்டைகள், பை, ஒரு துடுப்பு எல்லாம் கைமாறின. இன்னொரு துடுப்பு ஹைருன் கையில் இருந்தது.

"அக்கா, அது?"

"இது எங்கிட்ட இருக்கும்மா. ஒனக்கு ஒண்ணு வாங்கித் தாரோம். குளம் வத்துற வரைக்கும் வெள்ளிக்கிழம சாயந்தரம் வருவோம்."

முத்துவடிவு சிரித்துவிட்டாள். "பறிச்சு முடிச்ச பொறவு வாங்க."

திரும்பும்போது ஆட்டோவில் மசூதின் போன் அடித்தது. ஆவுடைநாயகம் அண்ணாச்சி. தொட்டிக்கு நாளை எத்தனை மணிக்கு வண்டி அனுப்பட்டும் என்று கேட்டார். ஹைருன் போனைப் பிடுங்கினாள்.

"வித்தாச்சு அண்ணாச்சி. உங்களுக்கு அது ஆகாது. எங்க வீட்டுக்காரர் படகுல தண்ணி நிக்கவே நிக்காது!"