மார்லிஸின் பதினான்கு நாள்

என் மனைவி மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நான் ஹார்லன், வடிகுழாய் பதிக்கிறவன். தெற்கு மினசோட்டாவில் தண்ணீர் நின்ற நிலத்தையெல்லாம் மண்ணுக்கடியில் குழாய் போட்டு வடியவைத்துச் சோளக்காடாக்கியதில் முப்பது வருடம் எனக்கும் பங்கு உண்டு. அவள் அப்பாவின் பள்ளத்து வயலில் குழாய் போட்டுத்தான் அந்த மனிதரிடம் நல்ல பெயர் வாங்கினேன், பெண்ணையும் வாங்கினேன். இப்போது அந்த வயல் அவள் பெயரில். அதைத் திரும்பச் சதுப்பாக்கப் போகிறேன் என்று போன குளிர்காலத்தில் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

சாலை போடுகிறவர்கள் எங்கோ ஒரு சதுப்பை மூடினால், ஈடாக வேறோர் இடத்தில் உயிர்ப்பித்த சதுப்பிலிருந்து பங்கு வாங்க வேண்டும். அப்படிப் பங்கு கொடுக்கும் இடத்துக்குச் சதுப்பு வங்கி என்று பெயர். சர்ச்சில் காப்பி குடிக்கும்போது பக்கத்துப் பண்ணைக்காரன் லைல் விழுந்து விழுந்து சிரித்தான்.

"வங்கியா? அப்ப காசாளர் யாரு மார்லிஸ், தவளையா?"

"உன்னவிட ஒழுங்கா எண்ணும் லைல்."

சதுப்பு வங்கிக்கு அனுமதி தரும் அதிகாரி கோவால்கே அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வயலின் வாய்க்காலில் சோதனைக்கு ஒரு மதகு வைத்துப் பலகை போட்டுத் தண்ணீரைத் தேக்க வேண்டும். மே மாதத்தில் பதினான்கு நாள் தொடர்ந்து நீர்மட்டம் மண்பரப்பிலிருந்து ஓரடி ஆழத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு நாள் இறங்கினாலும் இந்த வருடம் விண்ணப்பம் கிடையாது. நட்டுவைத்த குழாய்க்குள் ஒரு கருவி மணிக்கு ஒருமுறை மட்டத்தைக் குறித்துக்கொண்டே இருந்தது.

மார்லிஸுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் பேருந்தை எடுக்கும் முன் வயலுக்கு ஓடுவாள். "ஏழு அங்குலம்!" என்று கத்திக்கொண்டே வருவாள். ஆறாம் நாள் வாத்து ஜோடி ஒன்று இறங்கியதற்குப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போன் போட்டாள். சிரித்தாலும் எனக்கும் உள்ளே குறுகுறுத்தது.

பதினோராம் நாள் விடியும் முன்பு நல்ல மழை. விடிந்ததும் நடக்கப் போனேன். வயலில் தண்ணீர் தேங்கி நின்றது. வாய்க்காலில் இறங்கிப் பலகைகளை உருவி எறிந்தேன். தண்ணீர் திமுதிமுவென்று ஓடியதும் மனம் குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து காப்பி ஊற்றிக்கொண்டேன்.

"பள்ளத்துல தண்ணி நின்னுச்சு. எடுத்து விட்டுட்டேன்."

சாவியும் கையுமாக நின்ற மார்லிஸ் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஹார்லன், நீ மனுஷனா?"

"கை பழக்கம்டி..."

"ஏறு வண்டில!"

காலிப் பேருந்து மண்பாதையில் அப்படிப் பறந்து நான் பார்த்ததில்லை. சீருடையோடு வாய்க்காலில் குதித்தாள். இரண்டு பலகைகள் கரையில் கிடந்தன. மூன்றாவதைக் காணோம். அரை மைல் ஓடி, பாலத்தடியில் சிக்கியிருந்ததை இடுப்பளவுத் தண்ணீரில் பிடுங்கி வந்தேன். அவள் பலகைகளை இறக்கிச் சேறடித்து அடைத்தாள். அன்று அவள் பேருந்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளிக்குத் தாமதம். மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. இவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் நானே கெடுத்தேனே என்று வெட்கமாக இருந்தது.

பதினைந்தாம் நாள் கோவால்கே அம்மாள் கருவியைக் கணினியில் மாட்டினார். நேராகப் போன கோடு ஓரிடத்தில் குப்புற விழுந்திருந்தது.

"இது என்ன? கருவி கோளாறா?"

நான் தொப்பியைக் கழற்றினேன்.

"கோளாறு நான்தாங்க. தெரியாம பலகைய உருவிட்டேன்."

அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்களை உருட்டினார்.

"மண்ணுக்குக் கீழ பத்தரை அங்குலம் வரைக்கும்தான் இறங்கியிருக்கு. பன்னெண்டு வரைக்கும் போகலாம். பதினாலு நாளும் கணக்குல சேரும். விண்ணப்பத்த எழுத ஆரம்பிங்க."

மார்லிஸ் போட்ட கூச்சலில் வாத்துகள் எழும்பிப் பறந்தன. அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்தாள், என்னையும் கட்டிப்பிடித்தாள், பிறகு கோபம் ஞாபகம் வந்து முதுகில் ஒன்று வைத்தாள்.

"பழைய குழாயெல்லாம் தோண்டி உடைக்கணும். அது எங்கெங்க ஓடுதுன்னு வரைபடம் வேணுமே," என்றார் அம்மாள்.

"வரைபடமா? இவன் மண்டையிலதான் இருக்கு," என்று, இடத்தைக் குறிக்க நடும் ஆரஞ்சுக் கொடிகள் ஒரு கட்டை என்னிடம் நீட்டினாள் மார்லிஸ்.

முதல் குழாயைக் கண்மூடியே காட்டுவேன். அதைப் பதித்த அன்று பத்தொன்பது வயது மார்லிஸ் வரப்பில் நின்று கேட்டாள், குளிர்காலத்தில் இந்தக் குட்டை உறைந்தால்தானே பனியில் சறுக்குவேன், இனி எங்கே போவேன் என்று. அவள் அப்பா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த இடத்தில் கொடியைக் குத்தினேன்.

"உன் பனிச்சறுக்கு பூட்ஸ் இன்னும் இருக்கா?"

"முப்பத்தோரு வருஷமா வருஷம் தவறாம துருப்பிடிக்காம எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன்," என்றாள் மார்லிஸ். "நீ அடுத்த கொடிய நடு."