அட்டைக்கட்டுக்கு வைத்த சந்தனம்

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த எழுபதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு கம்பெனியில் இரும்புத் தகடுகளுக்குப் படம் வரையும் வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தார். வட்டமோ முக்கோணமோ, வரைந்து நடுப்புள்ளியைக் குறித்துக் கொடுக்க வேண்டும்; அங்கேதான் துளை போடுவார்கள். குறி பிசகினால் தகடு காயலான் கடைக்குத்தான்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரே செய்யும் என்று இவருக்கு ஒரு பித்து. சென்னைக்குப் போய்ப் படித்து, புரோகிராம் எழுதினார். வரிக்கு ஓர் அட்டை, அட்டை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. அந்த அட்டைக்கட்டை மிஷினுக்குக் கொடுத்தால், பேனா தானாகவே உருவத்தை வரைந்து நடுவில் கூட்டல் குறியும் போடுமாம். ஒரு கல்லூரி மிஷினில் ஒரு மணி நேரம் கிடைத்தது. மேனேஜரும் வருவதாக ஏற்பாடு. சரியாக வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் அந்த மாதத்தோடு சரி.

அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. இவர் கம்பெனிப் பூஜைக்குப் போய்விட்டார். எங்கள் எளாவூர் செக்போஸ்ட் ஓரம் நின்ற லாரிக்கெல்லாம் வாழைக்கன்று, மாலை. டயருக்குக்கூடச் சந்தனப் பொட்டு. நமக்குச் சோறு போடப்போகும் அட்டைக்கட்டை மட்டும் மொட்டையாக விடுவதா என்று எனக்குத் தோன்றிவிட்டது. அட்டைகளைக் கலைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். நானா கலைப்பேன்? ரப்பர் பேண்டைக்கூட அவிழ்க்கவில்லை. கட்டின் பக்கவாட்டில் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டிய பிறகு, திட்டுவாரோ என்று பயம் வந்து ஈரத்துணியால் துடைத்தும் வைத்தேன். என் சமர்த்து அப்படி.

சென்னைக்குப் போனவர் முகம் செத்துப்போய்த் திரும்பினார். மிஷின் வரைந்ததை அசல் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால், நடுப்புள்ளி தகட்டுக்கு வெளியே விழுந்ததாம். தானே ஓர் அளவைத் தப்பாகப் போட்டுவிட்டதாகச் சொன்னார். மேனேஜரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் துவைக்க எடுத்த சட்டைப் பையில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஓரம் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஓரத்தில் சந்தன மஞ்சள். பாவி, புருஷன் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டிருக்கிறேன்.

அழுதுகொண்டே அவர் முன்னால் நீட்டினேன். மிஷின் இரண்டையும் ஒன்றாக இழுத்துக்கொண்டதில் ஒரு மூலையின் அளவு விட்டுப்போனதை அப்போதுதான் சொன்னார். பெண்டாட்டி செய்த வேலை என்று அங்கேயே சொல்லியிருந்தால் இன்னொரு தடவை பார்க்க விட்டிருப்பார்களே என்று கேட்டேன்.

"உட்டிருப்பாங்க," என்றார். "ஏற்கெனவே எல்லாம் சிரிச்சிக்கினு நின்னாங்க. அங்க உன்னையும் கொண்டாந்து நிறுத்தச் சொல்றியா?"

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பாதி பாரமாவது இறங்கியிருக்கும். மாதம் முடிகிறவரை தினமும் வேலைக்குப் போனார். தினமும் டிபன் கட்டிக் கொடுத்தேன். ஒரு நாள்கூட அவர் முகத்தைப் பார்த்துக் கொடுக்க முடியவில்லை.