மஞ்சள் தடவிய ரிக்ரெட்

கிள்ளானில் உள்ள ஒரு கப்பல் கம்பெனியிலிருந்து மாமாவுக்குக் கடிதம் வந்தபோது எனக்குப் பத்து வயது. மாமா என் அம்மாவின் தம்பி. பிரிக்பீல்ட்ஸில் எங்களோடுதான் இருந்தார். ஏழு மாதமாக வேலை இல்லை. அடுத்த ஞாயிறு கிள்ளானில் அவருக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. வேலை இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற கவலையிலேயே அம்மா பாதியாகியிருந்தார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. "என்னடா எழுதியிருக்கான்?" என்றார். மாமா கடிதத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "கெடச்ச மாதிரிதான்க்கா." பாவம், அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார்.

நான் விடுவேனா? எழுத்துக்கூட்டிப் படித்து, 'ரிக்ரெட்' என்ற வினைச்சொல்லில் முட்டிக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் என் ஆங்கிலம் ஓடவில்லை.

"பெரிய கம்பெனிங்க மரியாதைக்குப் போடுற வார்த்தை லா அது," என்றார் மாமா. அது முழுப்பொய்யும் இல்லை.

அவருடைய தடித்த அகராதியைப் புரட்டினேன். வருந்துவது என்று பொருள். கீழே பொடி எழுத்தில் அதன் பூர்வீகம்: பழைய பிரெஞ்சு மொழியில், இறந்தவரை நினைத்து அழுவது. மாமாவுக்கு வேலை கொடுக்கக் கம்பெனிக்காரர்கள் ஏன் அழ வேண்டும்? அவரையே கேட்டேன்.

"சந்தோஷத்துலயும் அழுவாங்கம்மா," என்று மாமா அகராதியைப் பிடுங்கி அலமாரி மேலே வைத்துவிட்டார்.

ஞாயிறன்று அம்மா தட்டு அடுக்கினார். பூ, பழம், வெற்றிலை, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடிதம். நல்ல சேதி கொண்டுவந்த கடிதமாயிற்றே, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன் வைத்திருந்தார். கிள்ளான் வீட்டுக் கூடத்தில் தட்டின் மேல் துணியை எடுத்தபோதுதான் மாமா அதைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

பெண்ணின் அப்பா கடிதத்தை எடுத்து, "நமக்கு இங்கிலீஷ் வராது. நீயே படிம்மா," என்று மகளிடம் கொடுத்தார். அந்த அக்கா ஆங்கில ஆசிரியை. ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். நான் சும்மா இருக்காமல் பக்கத்தில் போய் என் பாண்டித்தியத்தைக் காட்டினேன்.

"அக்கா, ரிக்ரெட்னா அந்தக் காலத்துல செத்தவங்கள நெனச்சு அழுறதாம். தெரியுமா?"

"தெரியாதே," என்றார் அவர். மூலையில் இருந்த மஞ்சளை விரலால் மெல்லத் தடவினார். பிறகு மாமாவை நிமிர்ந்து பார்த்து, "நீங்களே சொல்லுங்க," என்றார்.

மாமா எழுந்து நின்றார். "வேலை கெடைக்கலங்க. அக்கா மொகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல."

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேலை தேடிக்கலாம்ப்பா," என்றார் அந்த அக்கா. "எனக்குச் சம்மதம்."

அவருடைய அப்பா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேநீர்க் கோப்பையை மாமாவின் பக்கம் நகர்த்தினார். "தே தண்ணி ஆறுது. உக்காந்து குடிங்க மாப்பிள்ள."

அந்த அக்கா கடிதத்தை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது காரில் அழுதது நான்தான். நம் கடிதத்தைக் கேட்காமலே அவர் எடுத்துக்கொண்டார், காரைத் திருப்புங்கள், வாங்கி வரலாம் என்று ஒரே அடம். அம்மா என்னை மடியில் இழுத்துக்கொண்டார். மாமா சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். கம்பெனி வேண்டாம் என்று சொன்ன மனிதரை அந்த அக்கா வேண்டும் என்று எடுத்துக்கொண்டது எனக்கு எங்கே புரிந்தது? கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு வருடம், அத்தை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமா எனக்குக் கொடுத்துவிட்டுப் போன அகராதியை ஒளித்து வைத்தேன்.