யோகப் பல்லுக்குக் கட்டிய கம்பி

பல்லுக்குக் கம்பி கட்டுவதைப் பற்றிய பேச்சில் எப்போதும் விடுபட்டுப் போகிறவர் நாற்பதை நெருங்கும் பெண். எங்கள் சுவரொட்டிகளில் அவர் இல்லை. அங்கே பள்ளிப் பிள்ளைகள்தாம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் பாடப்புத்தகங்களில் அவர் கடைசி அத்தியாயத்தில், தேர்வுக்கு வராத பகுதியில் இருப்பார். மருத்துவமனைக்கு வந்தாலும், பிள்ளை நாற்காலியில் சாய்ந்திருக்க, அதன் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருப்பவர் அவர்.

நான் பல் சீரமைப்பு மருத்துவர். ஒரு பல்லைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகர்த்தி, அது நகர்ந்ததற்குச் சான்றாக வலியைக் கொடுத்தனுப்புவது எங்கள் தொழில். தேனியில் குடியிருந்துகொண்டு, சனிக்கிழமைதோறும் பேருந்து ஏறிச் சின்னமனூரில் ஓர் உரக்கடையின் மாடியில் அந்தத் தொழிலைச் செய்தேன். கீழே யூரியா வாசனை, மேலே கிராம்பு எண்ணெய் வாசனை. படிக்கட்டின் நடுவில் இரண்டும் சந்தித்துச் சண்டையிடும். அந்த மாடியை நான் காலி செய்து சில ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் ஏதேனும் உரக்கடையைக் கடந்தால் என் கை தானாக முகக்கவசத்தைத் தேடுகிறது. கம்பி இறுக்கிய இரவில் ரசஞ்சோற்றைக்கூட மெல்ல முடியாமல் தட்டைத் தள்ளிவைத்தவர் நீங்கள் என்றால், இதைப் படிக்கும் முதல் உரிமை உங்களுக்கே.

மகள் எங்கே?

பாண்டியம்மாள் முதன்முதலில் வந்த அன்று, என் உதவியாளர் ஷமீமா பெயரைக் கூப்பிட்டதும் அவர் மட்டும் எழுந்து வந்தார். நான் அவரைத் தாண்டிக் கதவைப் பார்த்தேன். பின்னால் ஒரு பிள்ளை வரும் என்பது என் எதிர்பார்ப்பு. வரவில்லை. கீழே உரக்கடை வாசலில் நிற்கிறதோ என்று நினைத்து, மகள் எங்கே என்று கேட்டேன்.

அவர் சேலை முந்தானையைச் சொருகிக்கொண்டு, யாரும் சொல்லாமலே நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டார். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல் ஒன்று, இடம் கிடைக்காத பயணி படியில் தொங்குவதைப்போல, மற்ற பற்களுக்கு மேலே ஏறி வெளியே நின்றது. அதன் இடுக்கில் ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது.

“எனக்கு மக இல்ல டாக்டரம்மா, ஒரு மகன். அவன் பல்லு வரிசையாத்தான் இருக்கு. இது என் பல்லு, இதப் பாருங்க.”

யோகக்காரப் பல்

தெத்துப்பல் யோகம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பாண்டியம்மாளைப் பெண் பார்க்கப் போனவர்கள் அவருடைய படிப்பைக் கேட்கவில்லை, கைவேலையைக் கேட்கவில்லை. சிரிக்கச் சொன்னார்கள். பல்லைப் பார்த்தார்கள். மாமியார் அங்கேயே பூ வைத்துவிட்டாராம்.

அதன்பின் அந்த வீட்டில் நடந்த நல்லது எல்லாம் பல்லின் கணக்கில் சேர்ந்தது. இடைத்தரகரை நம்பிப் பழத்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த வீடு அது. பாண்டியம்மாள் வந்தபின் குமுளி வியாபாரிகளிடம் தாமே தொலைபேசியில் பேசி, அரைகுறை மலையாளத்தில் வாதாடி, நியாயமான விலைக்கு விற்கத் தொடங்கினார். எந்த மாதம் கொடியை வெட்டிக் கவாத்து செய்தால் எந்தச் சந்தைக்குப் பழம் போகும் என்று முடிவெடுத்தவரும் அவரே. தோட்டம் தழைத்தது. ஊரார் கேட்டால் மாமியார் மருமகளின் பல்லைக் காட்டுவார். சில சமயம் மோவாயைப் பிடித்துத் திருப்பியே காட்டுவார்.

ஈறு வலிதான் அவர் வந்ததற்குக் காரணம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவர் என் பேனாவை நிறுத்தச் சொல்லி, உண்மையான காரணத்தைச் சொன்னார்.

“இத்தன வருசமா ஒழச்சது நானு, பேரு வாங்குனது இது. கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க டாக்டரம்மா.”

இடம் விடுகிற பல்

அடுத்த சனிக்கிழமை மாமியாரும் வந்தார். குடும்பச் சொத்தைத் தொடுவதற்கு முன் விசாரிக்க வந்தவரின் தோரணை. நான் பூசி மெழுகிப் பேசத் தெரியாதவள். இப்படியே விட்டால் ஈறு கெட்டு அந்தப் பல் தானே விழுந்துவிடும் என்று சொன்னேன். இடம் மாறிய யோகமா, விழுந்துபோன யோகமா என்று அவர் வெகுநேரம் மனத்துக்குள் நிறுத்துப் பார்த்தார். பிறகு, அந்தப் பல்லைப் பிடுங்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு தலையசைத்தார்.

பிடுங்கப்போவது அதையல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் பல்லை என்று விளக்கினேன். அது சொத்தையில்லாத, வரிசை தவறாத, யாருக்கும் தொந்தரவு தராத பல். அது போனால்தான் வெளியே நிற்கும் பல்லை வரிசைக்குள் இழுக்க இடம் கிடைக்கும். மாமியாருக்கு மிகுந்த திருப்தி. மரத்துப்போகச் செய்யும் ஊசிக்காக வாயைத் திறப்பதற்கு முன் பாண்டியம்மாள் என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

“எங்கனயும் அப்படித்தான டாக்டரம்மா. ஒழுங்கா இருக்கறவதான் எடம் விடணும்.”

லேசாக இறுக்கும்

படியிறங்கும்போது மாமியார் திரும்பி நின்று, மருமகளின் வாயை விட்டுவிட்டு என் வாயை ஆராய்ந்தார். என் கீழ்வரிசைப் பற்கள் திருவிழாக் கூட்டத்தைப்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற காலம் அது. ஊருக்கெல்லாம் நேராக்குகிறவள் தன்னுடையதை ஏன் இப்படிப் போட்டுவைத்திருக்கிறாள் என்று கேட்டார். என்னைக் கல்லூரியில் படிக்கவைத்ததே என் வீட்டுக்குப் பெரும்பாடு, பல்லை யார் நினைத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் மதுரைக்குப் போய், உடன் படித்த தோழியிடம் வாயைத் திறந்தேன்.

அன்றுவரை ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவந்தேன்: லேசாக இறுக்குவதுபோல இருக்கும். அன்றிரவு தோசையின் நடுப்பகுதியைப் பாலில் ஊறவைத்துத் தின்றேன். காலையில் பல் துலக்கியை உதட்டருகே கொண்டுபோனதும் கண்ணில் நீர் வந்தது. கன்னத்தின் உட்புறம் கம்பிமுனை கீறிய இடத்தில் மெழுகை ஒட்டிக்கொண்டு சனிக்கிழமை மாடியேறினேன். உத்தமபாளையத்திலிருந்து வாராவாரம் என்னைவிட முன்னதாக வந்துவிடும் ஷமீமா, நான் மேசைமேல் தலை சாய்த்திருப்பதைப் பார்த்துவிட்டு, கருவிகளைக் கொதிநீரில் போட்டபடியே கேட்டார்.

“எத்தன பேர்ட்ட சொல்லிருப்பீக மேடம், இப்ப நீங்களே சொல்லுங்க. லேசாவா இருக்கு?”

அப்பளம்

அதன்பின் பாண்டியம்மாளும் நானும் மருத்துவரும் நோயாளியுமாக இல்லை. ஒரே தண்டனை பெற்ற இருவராக இருந்தோம். யாருக்கு எந்தப் பக்கம் வாய்ப்புண், இட்லிக்கு அடுத்தபடியாக எதை விழுங்கலாம், வெண்டைக்காய் நார் எந்தக் கம்பியில் சிக்கினால் எந்தக் குச்சியால் எடுக்கலாம் என்பவையே எங்கள் பேச்சு. வருகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் ஒரு பை விதையில்லாத் திராட்சை கொண்டுவருவார். கடித்துத் தின்னவேண்டாத, நாக்கும் மேலண்ணமும் சேர்ந்தே முடித்துவிடக்கூடிய பழம். அந்த மாடியை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பையின் ஈரம்தான்.

கடமலைக்குண்டில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். மணப்பெண் என்னிடம் கம்பி கட்டிக் கழற்றியவள், பாண்டியம்மாளுக்கு உறவு. பந்தியில் அருகருகே உட்கார்ந்து, இருவரும் ஒரே நேரத்தில் அப்பளத்தை நொறுக்கி ரசத்தில் ஊறவைத்தோம். முறுக்கை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினோம். பரிமாறிக்கொண்டு வந்த மனிதர் எங்கள் இலைகளை மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து இலைக்காரர் அவர் காதில் ஏதோ சொன்னார். உடனே பந்தியின் மறுமுனைக்குக் கேட்கும்படி அவர் குரல் கொடுத்தார்.

“ஏலே, பல்லு டாக்டருக்கே பல்லு சரியில்லயாம். அந்த எலைக்கிப் பாயசத்த ரெண்டு கரண்டி சேத்து ஊத்து.”

இருந்த இடத்தில் வையுங்கள்

பல் பாதித் தூரம் இறங்கியிருந்தபோது மழை வந்தது. பழம் வெட்டச் சில நாளே இருந்த நேரம். திராட்சை அறுப்பு நேரத்து மழையை அறிந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. தோல் வெடித்து, வெடித்த இடத்தில் ஈ மொய்த்து, கொத்துக் கொத்தாகப் பந்தலிலேயே அழுகும். அந்தச் சனிக்கிழமை பாண்டியம்மாள் தனியாக வரவில்லை. அவர் கணவர் தங்கராசு கூட வந்தார். நல்ல மனிதர். தூங்காத கண்ணோடு, செருப்பில் தோட்டத்துச் சேற்றோடு நின்றார். அம்மா சாப்பிடவில்லை என்றார். பல் இடம் மாறியதிலிருந்துதான் எல்லாம் என்று அம்மா சொல்வதாகச் சொன்னார். தாம் அப்படி நினைக்கவில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். பிறகு, கடையில் வாங்கிய பொருளை மாற்றிக் கேட்கிறவரைப்போல, அந்தப் பல்லை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட முடியுமா என்று கேட்டார்.

முடியும். அதுதான் சங்கடம். கம்பியை மாற்றிக் கட்டினால் பல்லைப் பெரும்பாலும் பழைய இடத்துக்கே தள்ளிவிடலாம். வானத்துக்குக் கம்பி கட்ட எனக்கு யாரும் பட்டம் தரவில்லை, பல்லை எங்கே வேண்டுமானாலும் வைக்கிறேன், ஆனால் கேட்கவேண்டியவர் பல்லின் சொந்தக்காரர் என்று சொன்னேன். சொந்தக்காரர் அப்போது வாய் நிறையப் பஞ்சுருளையோடு, உதட்டை விரிக்கும் கருவியோடு சாய்ந்திருந்தார். எதிர்ச் சொல் சொல்ல அதைவிட மோசமான நிலை கிடையாது. அவர் கருவியைத் தாமே கழற்றினார். பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“நம்ம தோட்டம் மட்டுமா வெடிச்சிச்சு, அடுத்த தோட்டமுந்தான் வெடிச்சிருக்கு. அவுக வீட்ல யாரு பல்லுக்குக் கம்பி கட்டிருக்காக?”

வராத சனிக்கிழமைகள்

தங்கராசு படியிறங்கிப் போனார். அதன்பின் பாண்டியம்மாள் வருவதும் நின்றது. ஷமீமா தொலைபேசியில் கூப்பிட்டார், எடுக்கவில்லை. கவனிப்பாரில்லாமல் விட்ட கம்பி ஈறைக் கிழிக்கும் என்பது எனக்குத் தெரியும். வீட்டார் வேறெங்கோ கொண்டுபோய்க் கழற்றிவிட்டிருப்பார்களோ என்பதுதான் அதைவிடப் பெரிய பயம். திராட்சைப் பை வராத அந்த வாரங்களில் மாடி வெறும் மாடியாக இருந்தது.

ஒருநாள் வந்தார். கம்பியின் ஒரு முனை வளைந்து கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒட்ட நான் தந்த மெழுகு தீர்ந்துபோனதால் மெழுகுவத்தித் துண்டை உருட்டி ஒட்டியிருந்தார். இத்தனை நாளும் அலைந்திருக்கிறார். வெடித்த பழத்தைச் சாறு பிழிகிறவர்களுக்கு விற்கலாம் என்று கேள்விப்பட்டு, ஆளைத் தேடிப் பிடித்து, அழுகுவதற்கு முன் வண்டி ஏற்றி அனுப்பியிருக்கிறார். போனது போக ஒரு பங்கு தேறியது. அடுத்த தோட்டத்தில் அதுவும் தேறவில்லை. இனி யாரும் பல்லைக் குறைசொல்ல மாட்டார்களே என்றேன். குறைசொல்லவில்லையாம். பல் நேராக ஆக யோகமும் நேராகிவருகிறது என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவருகிறாராம். இதைச் சொன்னபோது பாண்டியம்மாள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

“இனிப் பல்ல எடம் மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல டாக்டரம்மா. நாந்தான் எடம் மாறணும்.”

மஞ்சள் துணி

கம்பி கழற்றிய நாளில் மாமியார் துவைத்து மடித்த மஞ்சள் துணியோடு வந்தார். பல்லில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை நான் ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கிண்ணத்தில் போட, அவர் அவற்றின் மேல் கண் வைத்திருந்தார். அவற்றை முடிந்து சாமி மாடத்தில் வைக்கவேண்டும் என்றார். என் தொழிலில் எத்தனையோ கோரிக்கைகளைக் கேட்டிருக்கிறேன். இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் என்னைத் தயார் செய்யவில்லை. ஷமீமா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பாண்டியம்மாளைப் பார்த்தேன்.

அவர் கண்ணாடியில் தம் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கின் நுனியால் வரிசையை ஒருமுறை தடவினார். வேலை முடிந்த பந்தலைச் சுற்றிவந்து பார்க்கிறவரின் முகம். கண்ணாடியை மடியில் கவிழ்த்துவிட்டுப் பேசினார். மாமியாரிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை.

“சாமி மாடத்துல எதுக்கு அத்த? வியாபாரிகிட்டப் பேச இதுவா போகும்? ஷமீமா, குப்பையில போடு.”

பின்குறிப்பாக அல்ல

என் கீழ்வரிசையும் நேராகிவிட்டது. அதைப் பார்த்துப் பாராட்ட வேண்டிய மாடிதான் இப்போது இல்லை. பாண்டியம்மாள் அதே ஓடைப்பட்டியில் தம் பெயரில் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில், தம் பெயர் அச்சிட்ட பெட்டியில் பழம் அனுப்புகிறார், இரவில் பல்லைப் பிடித்துவைக்கும் தகட்டை நான் எவ்வளவு திட்டியும் ஒழுங்காகப் போடுவதில்லை, அதனால் அந்தப் பல் ஒரு நூல் அளவு மறுபடி வெளியே வந்திருக்கிறது, அதை அவர் வீட்டில் இதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை.